‘கோதிக்’ ஆல்பத்துல பாடினது யாரு? ஒரு நீளமான த்ரெட்

1/
முந்தாநாள் பேரடைஸ் லாஸ்ட் பேண்டோட ‘கோதிக்’ ஆல்பத்தைப் பத்தி ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். “நல்ல ஆல்பம்தான், ஆனா பாதி சுமார்.” அவ்வளவுதான். டூட்டி முடிச்சுட்டு போனை எடுத்துப் பார்த்தா மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் எழுத நேரம் இல்ல. அதனால மொத்தமா இங்கயே எழுதிடறேன். பொறுமை இருந்தா படிங்க. மெட்டல்ல ஆர்வமே இல்லாத பெத்தவங்க 23-ல இருந்து படிச்சா போதும்.

2/
முதல் கோஷ்டி சொல்றது: “கோதிக் மெட்டலையே உண்டாக்கின ஆல்பம் அது. அதுல குறை கண்டுபிடிக்க நீங்க யாரு? போய் ஊசி போடுங்க டாக்டர்.”

ரெண்டாவது கோஷ்டி சொல்றது: “ஒரு டாக்டரா இருந்துட்டு இந்தப் பேய்க் கத்தலுக்கெல்லாம் விளம்பரம் பண்றீங்களே, பசங்க மனசு கெட்டுப் போகாதா?”

3/
ரெண்டு கோஷ்டியும் ஒரு விஷயத்துல ஒத்துமை. ரெண்டு பேருமே ஆல்பத்தைக் காது குடுத்துக் கேட்கல. ஒருத்தர் அதோட பேரைக் கும்பிடறார். இன்னொருத்தர் அதோட பேரைக் கேட்டுப் பயப்படறார். வரிசையா ரெண்டு பேருக்கும் பதில் சொல்றேன். முதல்ல பக்தர்கள்.

4/
அதுக்கு முன்னாடி, தெரியாதவங்களுக்காக. இங்கிலாந்துல மேற்கு யார்க்‌ஷயர்ல ஹாலிஃபாக்ஸ்னு ஒரு மில் ஊர். கம்பளியும் கார்ப்பெட்டும் நெய்த ஊர். டீன் க்ளஃப்னு அங்க இருந்த பிரம்மாண்டமான கார்ப்பெட் மில்லை 1980-களோட தொடக்கத்துல இழுத்து மூடிட்டாங்க. அதே ஊர்ல 1988-ல ஆரம்பிச்ச பேண்ட்தான் பேரடைஸ் லாஸ்ட். பேரு மில்டனோட காவியத்துல இருந்து எடுத்தது.

5/
நிக் ஹோம்ஸ் குரல். கிரெகர் மேக்கின்டாஷ் லீட் கிட்டார். ஏரன் ஏடி ரிதம் கிட்டார். ஸ்டீவன் எட்மண்ட்சன் பேஸ். மேத்யூ ஆர்ச்சர் டிரம்ஸ். பீஸ்வில்னு ஒரு சின்னக் கம்பெனி 1990-ல இவங்களோட முதல் ஆல்பம் ‘லாஸ்ட் பேரடைஸ்’ஐ வெளியிட்டுச்சு. அடுத்த வருஷம், 1991-ல ‘கோதிக்’. பத்து டிராக், 40 நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. அப்போ ஹோம்ஸுக்கும் மேக்கின்டாஷுக்கும் இருபது வயசுதான். எங்க ஆளுங்க அனாட்டமி அரியர் க்ளியர் பண்ணத் திண்டாடற வயசு.

6/
இப்போ அந்த “முதல்” விஷயம். 1846-ல பாஸ்டன்ல ஒரு ஆஸ்பத்திரியில ஈதர் குடுத்து, வலி தெரியாம ஆபரேஷன் பண்ண முடியும்னு மார்ட்டன் எல்லார் முன்னாடியும் காட்டினார். மருத்துவ வரலாறே திரும்பின நாள் அது. அதுக்காக இன்னைக்கு உங்க அம்மாவுக்கு ஆபரேஷன்னா ஈதர் குடுங்கன்னு கேட்பீங்களா? முதல்ல வந்ததுக்கு மரியாதை உண்டு. அது வரலாறு. நல்லா இருக்கா இல்லையாங்கிறது வேற கேள்வி. வரலாற்றைக் காட்டி அந்தக் கேள்வியைத் தள்ளி விடக் கூடாது.

7/
இன்னொன்னு, நீங்க “முதல்”னு சொல்றதுல பாதி முதலே இல்ல. பொண்ணு குரல், தந்தி வாத்தியம் எல்லாத்தையும் மெட்டலுக்குள்ள கொண்டு வந்து கலந்தது ஸ்விட்சர்லாந்தோட செல்டிக் ஃப்ராஸ்ட், 1987-ல ‘இன்டு தி பாண்டமோனியம்’. மெதுவான, பாரமான சோகத்துக்கு ஸ்வீடனோட கேண்டில்மாஸ் 1986-லயே வழி போட்டாச்சு. கோத் ராக்கோட அந்த இருட்டு வேணும்னா சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி இருந்தாங்க. அவங்க ஊர் லீட்ஸ், ஹாலிஃபாக்ஸ்ல இருந்து சுமார் 25 கிலோமீட்டர்.

8/
பேரடைஸ் லாஸ்ட் பண்ணது என்னன்னா, சிதறிக் கிடந்த இதையெல்லாம் ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வந்து வாசல்ல ‘கோதிக்’னு பலகை மாட்டினது. அது பெரிய வேலைதான், நான் மறுக்கல. ஆனா பலகை மாட்டின வீட்டுக்குள்ள போய் ஒவ்வொரு ரூமையும் பார்க்கணும் இல்லையா? வாங்க, பார்ப்போம்.

9/
குறை ஒன்னு, சத்தம். யார்க்‌ஷயர்லயே அகாடமி ஸ்டூடியோல பதிவு பண்ணாங்க, கீத் ஆப்பிள்டன் தயாரிப்பு. ரிதம் கிட்டார் கலங்கின தண்ணி மாதிரி இருக்கு. பேஸ் கிட்டார் எங்க இருக்குன்னு தேடணும். டிரம்ஸ்ல ஸ்னேர் காய்ஞ்ச தகரம். வாசிப்பும் விறைப்பு. ஒரு வேகத்துல இருந்து இன்னொரு வேகத்துக்கு மாறும்போது கிளட்ச் சரியா அமுக்காம கியர் போட்ட பஸ் மாதிரி ஒரு குலுங்கல்.

10/
“அந்தக் காலத்துல பட்ஜெட் இல்ல டாக்டர், பாவம் சின்னப் பசங்க.” தெரியும். நான் வேலை பார்க்கிறது அரசு ஆஸ்பத்திரியில. பட்ஜெட் இல்லாத கதையை எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம். ஸ்டாக் இல்லைங்கிறது காரணம். படுக்கையில கிடக்கிறவருக்கு அது வைத்தியம் ஆகாது. அதே மாதிரி, ஆல்பம் ஏன் இப்படிக் கேட்குதுங்கிறதுக்குப் பட்ஜெட் காரணம். இப்படிக் கேட்கிறதே அழகுன்னு சாதிக்கிறதுக்கு அது காரணம் ஆகாது.

11/
குறை ரெண்டு, பாட்டுகள். இதுக்குப் பட்ஜெட்டைக் குத்தம் சொல்ல முடியாது. நடுவுலயும் கடைசியிலயும் சில பாட்டு ஒன்னுக்கொன்னு ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கு. ‘ஃபாலிங் ஃபாரெவர்’, ‘சைலன்ட்’ ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டு எது எதுன்னு கேட்டா நீங்களே யோசிப்பீங்க. சில பாட்டு வளர்ந்து முடியல, சும்மா நின்னு போகுது. ஒரு நல்ல யோசனை வரும், அதை என்ன பண்றதுன்னு தெரியாம அடுத்த ரிஃபுக்குத் தாவிடுவாங்க.

12/
குறை மூணு, அந்தப் பொண்ணு குரல். சாரா மேரியன். டைட்டில் பாட்டுல அவங்க வர்ற இடம் நிஜமாவே மயிர்க்கூச்செறியும். ஆனா மொத்த ஆல்பத்துல அவங்களுக்கு எவ்வளவு இடம்? கறிவேப்பிலை கணக்குதான். வாசத்துக்குப் போட்டு ஓரமா ஒதுக்கி வெச்சுட்டாங்க. அவங்களுக்குன்னு ஒரு கதாபாத்திரம் இல்ல, ஒரு வாதம் இல்ல. உறுமலுக்கு எதிர்ல நின்னு பதில் சொல்ற வாய்ப்பே இல்ல.

13/
குறை நாலு, தந்திகள். அட்டையில ஆர்கெஸ்ட்ரான்னே கிரெடிட் இருக்கு. என் காதுக்கு அது கீபோர்ட் வாடைதான் அடிக்குது. கடைசி டிராக் ‘டெஸொலேட்’ ரெண்டு நிமிஷம் கூட வராத வாத்திய இசை. அதைக் கேட்டா ஒரு பெரிய ஹாலை மனசுல கட்டிக்கிட்டு சின்ன ரூம்ல உட்கார்ந்து வாசிச்சது தெரியும். ஆசை பெருசு, கை எட்டல. அந்த ஆசையை மதிக்கிறேன். எட்டிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன்.

14/
இப்போ பக்தர்கள் கவனிங்க. இந்த ஆல்பத்தைப் புகழும்போது நீங்க எப்பவும் சொல்றது ரெண்டே விஷயம்: பொண்ணு குரல், தந்திகள். ரெண்டையும் இதைவிட நல்லா வேற ஆளுங்க பண்ணிட்டாங்க. நார்வேல தியேட்டர் ஆஃப் ட்ராஜெடி, 1995-ல வந்த முதல் ஆல்பத்துலயே லிவ் கிறிஸ்டீனுக்கு உறுமலோட சரிசமமாப் பேசற இடம் குடுத்தாங்க. பக்கத்து ஊர் பிராட்ஃபோர்டோட மை டையிங் ப்ரைட், 1993-ல ‘டர்ன் லூஸ் தி ஸ்வான்ஸ்’ல நிஜ வயலினைப் பாட்டோட எலும்பாவே ஆக்கினாங்க.

15/
அப்போ உங்க கணக்குப்படி ‘கோதிக்’ என்ன? மத்தவங்க பின்னாடி நல்லாப் பண்ணதோட ரஃப் காப்பி. நான் சொல்றதைவிட மோசமான மதிப்பெண்ணை நீங்கதான் போடறீங்க! இந்த ஆல்பத்துல யாராலும் தாண்ட முடியாத ஒரு விஷயம் இருக்கு. அதை நீங்க பேசறதே இல்ல. அங்கதான் எனக்குக் கோபம்.

16/
அதைச் சொல்ல ஒரு சின்ன அனாட்டமி வகுப்பு. நம்ம குரல்வளையில நிஜமான குரல்நாண் ஒரு ஜோடி. அதுக்கு மேல இன்னொரு ஜோடி மடிப்பு, பொய்க் குரல்நாண்னு சொல்லுவோம். சாதாரணமாப் பேசும்போது அதுக்குப் பெருசா வேலை இல்ல. முழுங்கும்போது, முக்கும்போது மூடிக்கும். உறுமிப் பாடறவங்க இந்த மேல் மடிப்புகளையும் சேர்த்து அதிர விடறாங்க. அந்த அதிர்வு ஒழுங்கு இல்லாதது. அதனால காதுக்குத் தெளிவான ஸ்ருதி கிடைக்காது. ஸ்ருதி இல்லேன்னா மெட்டு இல்ல.

17/
அதாவது, ‘கோதிக்’ல ஹோம்ஸ் கிட்ட எடை இருக்கு, பயமுறுத்தல் இருக்கு. மெட்டு இருக்க முடியாது. சோகம், கோபம், ஏக்கம் எல்லாத்துக்கும் ஒரே உறுமல். இது ஆல்பத்தோட அஞ்சாவது குறை, உண்மையில பெரிய குறை. ஆனா துக்கத்தைச் சொல்ல வந்த பேண்டுக்குப் பாட ஆள் வேணுமே? அந்தக் காலி நாற்காலியில போய் உட்கார்ந்தார் மேக்கின்டாஷ்.

18/
மெட்டல்ல லீட் கிட்டார்னா வழக்கமா என்ன? பாட்டு நடுவுல வந்து, அரை நிமிஷம் வேகமா விரல் வித்தை காட்டிட்டு, கைதட்டு வாங்கிட்டுப் போயிடும். இங்க அப்படி இல்ல. ஏடி கீழ பாரமான ரிஃபைப் பிடிச்சுக்கிட்டு இருப்பார். மேக்கின்டாஷ் மேல, நாலஞ்சு ஸ்வரத்துக்குள்ளேயே சுத்திச் சுத்தி வர்ற ஒரு மெட்டை மெதுவா இழைப்பார். ஒத்து பிடிக்கிறவர் பிடிக்க, நாதஸ்வரம் மேல பாடுமே, அந்த ஏற்பாடு. பாடகர் உறுமிக்கிட்டு இருக்கும்போதும் அந்த மெட்டு நிக்காது. பக்கத்துலயே நடந்து வரும்.

19/
சோதனை பண்ணிப் பாருங்க. ‘எடர்னல்’ பாட்டை ஒரு தடவை ஹெட்போன்ல கேளுங்க. முடிஞ்சதும் நிறுத்திட்டு அஞ்சு நிமிஷம் வேற வேலை பாருங்க. அப்புறம் உங்க வாய் எதை முணுமுணுக்குதுன்னு கவனிங்க. வார்த்தை வராது. உறுமல் வராது. கிட்டார் வரும். ஆல்பத்துல நிஜமாப் பாடினது யாருன்னு அப்போ தெரியும். உறுமல் அங்க தாள வாத்தியம் மாதிரிதான் வேலை செய்யுது.

20/
நான் சும்மா சொல்லல, ஆதாரம் ரெண்டு. ஒன்னு, ஒரு வருஷம் முன்னாடி வந்த ‘லாஸ்ட் பேரடைஸ்’. அதே அஞ்சு பேர், அதே கம்பெனி, அதே உறுமல். அதுல இந்த மெட்டு பாட்டைத் தாங்கி நிக்காது. ரெண்டு, பின்னாடி வந்த ‘ஐகான்’, 1993. அப்புறம் ‘ட்ரக்கோனியன் டைம்ஸ்’, 1995. அதுக்குள்ள ஹோம்ஸ் உறுமலை விட்டுட்டு மெட்டோட பாட ஆரம்பிச்சுட்டார். பாடகர் வந்தாச்சு, இனிமே கிட்டார் ஒதுங்கலாமே? ஒதுங்கல. ரெண்டும் சேர்ந்து பாடுச்சு. அந்த பேண்டோட உச்சமே அங்கதான்.

21/
ஆக என் தீர்ப்பு: ‘கோதிக்’கோட பலம் அதோட குறையில இருந்தே முளைச்சது. பாட முடியாத குரல் இருந்ததாலதான் கிட்டார் பாடக் கத்துக்கிச்சு. குறையைச் சொல்லக் கூடாதுன்னு வாயை மூடினா, பலம் எங்க இருந்து வந்ததுன்னும் சொல்ல முடியாது. “எல்லாமே மாஸ்டர்பீஸ்”ங்கிறது பாராட்டு இல்ல, சோம்பேறித்தனம். ஒரு நோயாளியைப் பரிசோதிக்காமலே “எல்லாம் நார்மல்”னு எழுதற மாதிரி.

22/
இதுல நஷ்டம் யாருக்கு? புதுசா வர்ற பையனுக்கு, பொண்ணுக்கு. “மாஸ்டர்பீஸ், முழுசாக் கேளு”ன்னு நீங்க தூக்கிக் குடுப்பீங்க. அவங்க போன் ஸ்பீக்கர்ல போட்டு, நாலாவது டிராக்ல சலிச்சு, “இது நமக்கானது இல்ல”ன்னு கதவைச் சாத்திட்டுப் போயிடுவாங்க. அதுக்குப் பதிலா ‘கோதிக்’, ‘ரேப்ச்சர்’, ‘எடர்னல்’ மூணு பாட்டு மட்டும் குடுங்க. அப்புறம் ‘ட்ரக்கோனியன் டைம்ஸ்’. பிடிச்சுதுன்னா அவங்களே திரும்பி வந்து முழு ஆல்பத்தையும் கேட்பாங்க.

23/
இப்போ ரெண்டாவது கோஷ்டி. “பசங்க மனசு கெட்டுப் போகும்.” முதல்லயே சொல்லிடறேன், நான் மனநல மருத்துவர் இல்ல. எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டு ஓ.பி., வார்டு, கேஷுவாலிட்டின்னு ஓடற ஆளு. ஆனா உயிரை மாய்ச்சுக்க முயற்சி பண்ணவங்களைத் தூக்கிட்டு வர்ற முதல் இடம் கேஷுவாலிட்டி. அவங்க பேசறதை நான் கேட்டிருக்கேன். மார்க், கடன், வீட்ல குடி, அடி, காதல், தீராத வயித்து வலி. இதுதான் வரும். கிட்டார் சத்தம் வந்ததில்ல.

24/
இந்தக் குத்தச்சாட்டு கோர்ட்டுக்கே போயிருக்கு. அமெரிக்காவுல நெவாடா மாநிலத்துல 1985-ல ரெண்டு இளைஞர்கள் தற்கொலை முயற்சி பண்ணாங்க. அவங்க கேட்ட ஜூடாஸ் பிரீஸ்ட் பாட்டுக்குள்ள மறைமுகமா ஒரு கட்டளை இருந்துச்சுன்னு குடும்பங்கள் வழக்குப் போட்டாங்க. 1990-ல ரீனோ நகரத்துல விசாரணை. பேண்ட் ஆளுங்க நேர்லயே வந்து சாட்சி சொன்னாங்க. கடைசியில பேண்டோ ரெக்கார்டு கம்பெனியோ அந்தச் சாவுக்குப் பொறுப்பு இல்லைன்னு நீதிபதி தீர்ப்பு சொன்னார். ‘கோதிக்’ வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி.

25/
“சரி, சோகப் பாட்டு கேட்டா சோகம் கூடாதா?” நம்ம ஊர்ல சாவு வீட்ல ஒப்பாரி வைக்கிறதை எதுக்குன்னு நினைக்கிறீங்க? துக்கத்தை வளர்க்கவா? அழறதுக்கு ஒரு மெட்டும் கூட அழ நாலு பேரும் வேணும்னுதான். ‘எடர்னல்’ல அந்தக் கிட்டார் பண்றதும் கிட்டத்தட்ட அந்த வேலைதான். உங்க பையன் அதைக் கேட்டுட்டு அமைதியா உட்கார்ந்திருந்தா, அது நோய் அறிகுறி இல்ல.

26/
அதுக்காக எதிர்ப்பக்கம் போய் “மெட்டல் கேட்டா டிப்ரஷன் குணமாகும்”னும் சொல்ல மாட்டேன். பாட்டு விஷமும் இல்ல, மருந்தும் இல்ல. ஏற்கனவே மனசு உடைஞ்சு இருக்கிற ஒருத்தர் ராத்திரி முழுக்கத் தூங்காம ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டா, கவலைப்பட வேண்டியது தூங்காததைப் பத்தி. பாட்டைப் பிடுங்கினா தூக்கம் வந்துடாது. பேச்சுதான் நின்னு போகும்.

27/
பெத்தவங்க பார்க்க வேண்டியது ப்ளேலிஸ்ட் இல்ல. இதையெல்லாம் பாருங்க:
தூக்கம் ரெண்டு வாரத்துக்கு மேல கெட்டுப் போயிருக்கா?
சாப்பாடு குறைஞ்சு போச்சா?
முன்னாடி பிடிச்ச விஷயம் எதுவும் இப்போ பிடிக்கலையா? பிடிச்ச பாட்டும் சேர்த்துத்தான்!
ஃப்ரெண்ட்ஸை ஒதுக்கறாங்களா?
“நான் இல்லேன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதி”ங்கிற மாதிரி பேச்சு வருதா?
ஆசையா வெச்சிருந்த பொருளை எல்லாம் எடுத்துக் குடுக்கறாங்களா?

28/
இதுல ஒன்னு ரெண்டு இருந்தாலே கேளுங்க. “சாகணும்னு தோணுதா?”ன்னு நேராவே கேட்கலாம். கேட்டா அந்த எண்ணத்தை நாமே விதைச்சுடுவோம்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு. அப்படி ஆகாது. கேட்கிறவங்க கிடைச்சாங்களேன்னுதான் இருக்கும். பக்கத்துல இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கும், அங்க கூட்டிட்டு வாங்க. ராத்திரியில ஒன்னும் புரியலேன்னா டெலி மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம்.

29/
ஹெட்போனைப் பிடுங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அதோட ஒரு பக்கத்தை உங்க காதுல வெச்சு “இதுல உனக்கு என்னடா பிடிச்சிருக்கு?”ன்னு கேளுங்க. உறுமல் உங்களுக்குப் பிடிக்க வேணாம். எனக்கே ஆல்பம் முழுக்க அது பிடிக்கல, மேல எழுதியிருக்கேனே. “கத்தல் வேணாம், பின்னாடி ஒரு கிட்டார் அழுதே, அது நல்லா இருக்கு”ன்னு நீங்க சொல்லிப் பாருங்க. அன்னைக்கு ராத்திரி அந்த வீட்ல நடக்கிற பேச்சு வேற மாதிரி இருக்கும்.

30/
மெட்டல் நண்பர்களுக்குக் கடைசியா. திட்டறவங்க தாராளமாத் திட்டுங்க, கமென்ட் திறந்தேதான் இருக்கு. ஒரே ஒரு நிபந்தனை: எந்த டிராக், எந்த இடம்னு சொல்லித் திட்டுங்க. ‘சைலன்ட்’ சுமார்னு நான் சொன்னது தப்புன்னா, அதுல எந்த இடம் உங்களை உலுக்குச்சுன்னு எழுதுங்க. நைட் டூட்டி முடிச்சு பஸ்ல போகும்போது கண்டிப்பா அதைக் கேட்டுப் பார்க்கிறேன். “முதல் ஆல்பம், மரியாதை குடு”ன்னு மட்டும் வந்தா, உங்களுக்கு ஈதர்தான்.